மானிப்பாய் வைத்தியரின் ஒரு நாள்

மிஷனரி என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தே நம்மவரிடையே இரண்டு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. கல்லூரி தந்தார், ஆசுப்பத்திரி தந்தார், அச்சுக்கூடம் தந்தார் என்று கைகூப்புவது ஒரு கட்சி. பிள்ளையின் கல்விப் பசியையும் நோயாளியின் நோவையும் வாய்ப்பாகக் கொண்டு சமயம் மாற்ற வந்தவர் என்று முகஞ்சுளிப்பது மற்றக் கட்சி. இரு சாராரிடமும் நியாயம் உண்டு. ஆயினும், அந்த மனிதர் விடியற்காலையில் எழுந்து இரவு விளக்கணைக்கும் வரைக்கும் என்ன செய்தார், எந்த மொழியிற் பேசினார், அவருக்கு யார் சோறு சமைத்தார், யார் தமிழ் சொல்லிக் கொடுத்தார் என்று விசாரிப்பவர் இரு கட்சியிலும் அரியர். ஒருவரின் கொள்கையைப் பிரசங்கத்திலே தேடுவதைக் காட்டிலும் அவருடைய நாளாந்த வாழ்விலே தேடுவது நேரிது என்பது நம் எண்ணம்.

நாம் கிறிஸ்தவரல்லோம், கோயிலுக்கு ஒழுங்காகப் போகும் சைவருமல்லோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்மொழியில் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்ற வாத்தியார், அவ்வளவே. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியரிடம் நமக்கு உண்டான பிடிப்பு அந்தத் தொழிலின் வழியே வந்தது. கவிஞர் அம்பி 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை இளமையிலே படித்தோம். பின்னர், கிறீன் மறைந்தபின் 1891இல் அமெரிக்காவில் வெளிவந்த அவருடைய வாழ்க்கையும் கடிதங்களும் அடங்கிய தொகுதி கைக்கு வந்தது. பெரிய மனிதர்களின் சரித்திரங்களில் அகப்படாத பல, அவர்கள் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களில் அகப்படும். வீட்டாருக்கு எழுதும்போது எவரும் முழுநேரமும் அப்போஸ்தலராக இருக்க முடியாதன்றோ!

கிறீன் 1822இல் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்றார். அவருடைய தமையன் அந்துரு ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரத்தின் நடுவே பெரும் பூங்கா அமைந்ததில் முதன்மையான பங்குடையவர். பின்னாளில் அந்நகரை அயல் நகரங்களோடு இணைத்துப் பெருநகராக்க முன்னின்றவரும் அவரே. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்குச் சொந்த ஊரிலே பிழைப்புக்கு வழி இல்லாமற் போகவில்லை. இருந்தும் 1847இல் பொஸ்ரன் துறைமுகத்திற் கப்பலேறினார். சுயெஸ் கால்வாய் திறபட இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கிற் கடலிற் கிடந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்து. இன்று நம் ஊரில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஏறத்தாழ அதே வயதில் எதிர்த்திசையிலே புறப்படுகின்றனர் என்பதையும் ஒருவரி எழுதிவைப்போம். அவர்களைப் பழிக்கும் எண்ணம் நமக்கில்லை. காரணங்களை நாம் அறிவோம்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கியது 1816இல். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி எழுந்தது. ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் கிறீனுக்கு ஒரு தலைமுறை முன்னரே பண்டத்தரிப்பில் மருந்து கொடுத்தவர். எனவே புதியவர் வந்தது வெறும் காட்டுக்கன்று. ஆங்கில ஆட்சிக்கும் இந்த அமெரிக்கர் அந்நியரே. 1820களிற் புதிய அமெரிக்க மிஷனரிமார் வந்து தங்குவதற்குத் தேசாதிபதி பார்ன்ஸ் தடை விதித்திருந்தார். வெள்ளைத் தோல் யாவும் ஒரே கட்சி என்று எண்ணுவோர் இதைக் கவனித்தல் நன்று. அதற்காக, ஆங்கிலேயரின் துப்பாக்கி காத்த அமைதியிலேதான் அமெரிக்கரின் வேதப் புத்தகம் விநியோகமாயிற்று என்ற உண்மையும் பொய்யாகிவிடாது.

1848இல் கிறீன் மானிப்பாயில் நிலைகொண்டார். மருந்துச்சாலையும் மருத்துவ வகுப்பும் அங்கே தொடங்கின. செம்மண் தோட்டமும் துலாக் கிணறும் பனங்கூடலுமாகக் கிடந்த அந்த ஊரிலே அவருடைய நாள் எவ்வாறு சென்றதென்று பார்ப்போம்.

காலையில் விறாந்தை நிறைந்துவிடும். பனையால் விழுந்து கால் முறிந்தவர், நாட்பட்ட புண்ணோடு வந்தவர், கண் மூடிப்போன கிழவி, வயிறூதிய குழந்தையை இடுப்பிற் சுமந்த தாய். மருந்து கொடுக்குமுன் செபமும் வேதவாசிப்பும் நடைபெறும். இது கிறீன் ஒருவருடைய வழக்கமன்று. மருத்துவ மிஷன் எங்கு நடந்ததோ அங்கெல்லாம் இதுவே முறை. நோயாளி எழுந்து போகமுடியாத வேளையில் அவன் காதிலே ஒரு சமயத்தைச் சொல்வது நேர்மையா? நாம் நேர்மையென்று சொல்லோம். நோவுக்கு மருந்து தேடி வந்தவனிடம் நோவைப் பற்றியே பேசவேண்டும். கிறீனிடம் இதைக் கேட்டிருந்தால், உடலுக்கு மருந்து கொடுத்துவிட்டு உயிரை விட்டுவிடுவதுதான் நேர்மையா என்று திருப்பிக் கேட்டிருப்பார். அவர் அதை மனமார நம்பினார். நம்பிக்கை உண்மையானது என்பதால் முறை சரியாகிவிடாது. முறை பிழையென்பதால் நம்பிக்கை வேடமாகிவிடவும் மாட்டாது.

செபம் முடிந்ததும் வைத்தியம். அந்நாளைய மருத்துவம் எவ்வளவு வறியது என்பதை இன்றைய வாசகர் மனங்கொள்ள வேண்டும். ஈதரால் நோயாளியை மயக்கிச் சத்திரசிகிச்சை செய்து காட்டிய நிகழ்ச்சி பொஸ்ரன் ஆசுப்பத்திரியில் நடந்தது 1846 ஒக்ரோபரில். அதாவது கிறீன் பட்டம் பெற்ற பின். கிருமிகளைப் பற்றிய அறிவு மருத்துவர் கைக்கு வந்திருக்கவில்லை. 'கோதாரி' என்று இன்று நாம் வசைமொழியாக வழங்குவது ஊர்களைக் காலிசெய்த கொள்ளைநோயின் பெயர். வாந்திபேதி பரவும்போது அது நீரினால் வருகிறது என்று அறுதியாகச் சொல்ல அமெரிக்க வைத்தியராலும் முடியவில்லை, ஊர்ப் பரியாரியாராலும் முடியவில்லை. அதன் கிருமியை ஜேர்மானியரான கொக் கல்கத்தாவிலே பிரித்துக் காட்டியது 1884இல். கிறீன் இறந்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே மானிப்பாய் விறாந்தையில் நின்ற இளைஞரிடம் இருந்த ஆயுதங்கள் சில: கத்தி, கட்டுத்துணி, அபின் சேர்ந்த சில மருந்துகள், உடம்பின் உள்ளமைப்பைப் பற்றிய தெளிவான அறிவு. கடைசியிற் சொன்னதே பெரிது. எலும்பு எங்கே இருக்கிறது, நாடி எங்கே ஓடுகிறது என்று கண்ணாற் கண்டு கற்றவர் அவர்.

உச்சி வெயிலில் மாணவர்களின் வகுப்பு. வீடுகளிலிருந்து அழைப்பு வந்தால் வண்டியிலோ குதிரையிலோ போகவேண்டும். மாலையில் அவரே மாணாக்கராவார். முன்ஷியின் முன்னிருந்து தமிழ் படிக்கவேண்டும். அமெரிக்க மிஷனின் விதி அது. வந்தவர் எவரும் ஊர்மொழி கற்றே ஆகவேண்டும். நன்னூல் வல்ல ஒரு தமிழ் வித்துவானிடம் இருபத்தைந்து வயது வெள்ளைக்காரர் ஒருவர் றகரத்துக்கும் ரகரத்துக்கும் நா புரளாமல் தடுமாறுவதை நினைத்துப் பார்க்க நமக்குச் சற்று மகிழ்ச்சியாகவே இருக்கிறது. அந்த நேரத்தில் மாத்திரம் யார் எசமான், யார் ஊழியர் என்பது தலைகீழாயிற்று.

பிரசங்கிக்கு வேண்டிய தமிழ் வேறு, வைத்தியருக்கு வேண்டிய தமிழ் வேறு. பிரசங்கி பேசினாற் போதும்; வைத்தியர் கேட்கவேண்டும். 'எங்கே நோகுது?' என்று கேட்கப் பழகுவது ஒருநாள் வேலை. வரும் விடையை விளங்கிக்கொள்வது ஒரு வாழ்நாள் வேலை. யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி தன் நோவைச் சொல்லத் தொடங்கினால் எத்தனை சொற்கள்! குத்து என்பாள், கடுப்பு என்பாள், உளைவு என்பாள், குடைச்சல் என்பாள், எரிவு என்பாள், விறைப்பு என்பாள். இவை ஒன்றல்ல. குத்து வந்து போவது. உளைவு விடாமல் நிற்பது. பல்லுக் குத்தும், கால் உளையும், காது குடையும். 'வலி' என்றால் நம் ஊரிலே பலர் கைகால் இழுக்கும் வலிப்பையே கருதுவர். இந்தியத் தமிழர் அச்சொல்லை நோவுக்கு வழங்குவர். 'வருத்தம்' என்பது பிறநாட்டுத் தமிழருக்கு மனக்கவலை. நமக்கோ அது நோய். சென்னையில் அச்சான அகராதியை வைத்துக்கொண்டு மானிப்பாய் விறாந்தையிற் காலந்தள்ள முடியாது. கிறீன் தமிழை முன்ஷியிடம் பாதியும் நோயாளியரிடம் பாதியுமாகப் படித்தார் என்பதே நம் துணிபு.

இங்கே நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் தாயாரை ஓர் ஆசுப்பத்திரிக்கு மாதந்தோறும் கொண்டுசென்றோம். கிளினிக் கொப்பி என்று ஒரு கொப்பி கொடுத்தார்கள். அம்மா அதைப் பொலித்தீன் பையிற் சுற்றிச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருந்தார். அவருடைய உடம்பைப் பற்றிய அத்தனை செய்தியும் அந்தக் கொப்பியில் இருந்தது; அதில் ஒரு சொல்லும் அவர் வாசிக்கக்கூடிய மொழியில் இல்லை. தேவாரம் முழுவதையும் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும் அம்மா, தம் பெயரைத் தவிர வேறெதையும் அந்தக் கொப்பியில் அடையாளங் காண முடியாதிருந்தார். அந்தப் பெயரும் ஆங்கில எழுத்திலே இருந்தது. அது இருக்கும் இடத்தைக் கொண்டுதான் பெயர் என்று தெரிந்தது.

ஒரு நாள் கொப்பியில் எழுதியவர் நம்மிடம் உயிரியல் படித்த பையன். கண்டதும் எழுந்து நின்றான். 'இருங்கோ சேர்' என்றான். அம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, 'தம்பி, எனக்கு என்ன வருத்தம் எண்டு நீயாவது சொல்லு' என்றார். அவன், 'சுகர் கொஞ்சம் கூட அம்மா. கிட்னியும் கொஞ்சம் வீக்' என்றான். அம்மா தலையாட்டினார். வெளியே வந்து, 'கிட்னி எண்டால் எது தம்பி, ஈரலே?' என்று நம்மைக் கேட்டார். அந்தப் பையன் பதினெட்டு வயதிற் சிறுநீரகத்தின் வெட்டுமுகத்தை வரைந்து, மேற்பட்டையையும் மையவிழையத்தையும் தமிழிலே குறித்து, நம்மிடம் முழுப் புள்ளி வாங்கியவன்! பின்பொரு நாள் அவனிடம் இதைச் சொன்னோம். சற்றுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, 'சேர், உங்களிட்டைப் படிச்சது பரீட்சைத் தமிழ். கம்பசுக்குப் போனபிறகு எல்லாம் இங்கிலிஷ். நோயாளிக்கு நோயை எப்பிடித் தமிழிலை விளங்கப்படுத்துறதெண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை' என்றான். அவன் சொன்னதிற் குற்றமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. அங்கே சேரும் பிள்ளைகளுட் பலர் உயர்தரம் வரையும் விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்றவர்கள். வாசற்படி தாண்டியதும் மொழி மாறிவிடுகிறது.

கிறீனின் நாளுக்குத் திரும்புவோம். அந்த நாளைத் தூக்கி நிறுத்திய கைகள் பல. மிஷன் வீடு துறவியின் குடிலன்று. குசினிக்கு ஆள், தண்ணீர் அள்ள ஆள், குதிரைக்கு ஆள், வளவு கூட்ட ஆள் என்று அக்காலத்து மிஷன் வீடுகள் நடந்தன. வந்தவர்களின் பெயர் கல்லிலும் நூலிலும் நிலைத்திருக்கிறது. சோறு சமைத்தவரின் பெயர் நிலைக்கவில்லை. செமினரி மாணவர் பெயர்களில் மற்றொரு வேடிக்கை. பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழக்கமாயிருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் தமிழ்ப் புலமையின் பெரும்பெயர்கள் அமெரிக்க முன்னொட்டுடன் நிற்பதன் காரணம் இதுவே. கொடையாளிக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டியிருந்தது; அதற்குக் கல்லிலும் பார்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை மலிவாகக் கிடைத்தான்.

மிஷனரிமாரின் அறிக்கைகள் நம் நாட்டை இருள் என்றே பேசும். கிறீன் மானிப்பாய்க்கு வந்த நாளில் அவருடைய தாய்நாட்டின் தென்மாநிலங்களிலே மனிதர் சந்தையில் விலைக்கு விற்கப்பட்டனர். அடிமை வைத்திருந்தோரிடம் நன்கொடை வாங்கலாமா என்று அவரை அனுப்பிய சபைக்குள்ளேயே அப்போது பெருஞ் சச்சரவு நடந்துகொண்டிருந்தது. வாங்கக்கூடாதென்றவர்கள் 1846இல் தனிச்சங்கம் அமைத்துக்கொண்டனர். அவருடைய மசசூசெற்ஸ் அடிமைமுறையை முன்னரே கைவிட்ட மாநிலம் என்பதையும் சொல்லுதல் நியாயம். நம் பக்கம் மாத்திரம் வெளிச்சமாயிருந்ததா? இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844இல். யாழ்ப்பாணத்தில் அதனால் விடுதலை பெற்றவர்களை விடுதலை பெற்றவர்களாக நடத்த நம் முன்னோருக்கு மனம் வரவில்லை. பனையால் விழுந்தவனுடைய முறிந்த காலுக்கு மிஷன் ஆசுப்பத்திரியிலே கட்டுப் போடப்பட்டது. ஆனால் வட்டுக்கோட்டையில் வாங்கில் அமர்ந்து கற்றவர் பெரும்பாலும் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். சாதியை எதிர்த்துப் பிரசங்கித்த மிஷன், பள்ளிக்கூடத்தை நடத்துவதற்காகச் சாதியோடு பலமுறை ஒத்துப்போயிற்று. இருள், ஒளி என்று பேசுமிடத்து இந்தக் கணக்குகளையும் பார்ப்பது நன்று.

1848ஆம் ஆண்டைப் பற்றி இன்னொன்று. கிறீன் பிறந்த அதே 1822இல் நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுகநாவலர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பார்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியாயிருந்துவிட்டு, அவரைப் பிரிந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நாவலர் தொடங்கியது அதே 1848இல். ஒருவர் தம் சமயத்தைப் பரப்ப உலகின் மறுபக்கத்திலிருந்து வந்தார். மற்றவர் தம் சமயத்தைக் காக்க வந்தவரின் ஆயுதங்களையே எடுத்தார்: பள்ளிக்கூடம், பிரசங்கம், அச்சியந்திரம், எளிய உரைநடை. இருவரும் நடந்துபோகும் தொலைவிலே, ஒரே வயதினராய், எதிரெதிர் முகாம்களில் நின்றனர். ஆயினும் ஒரு முடிவிலே இருவரும் ஒன்றுபட்டனர். நம் பிள்ளைக்கு உயர்ந்த விஷயத்தை நம் மொழியிலே சொல்ல முடியும் என்று இருவரும் நம்பினர். நாவலர் சமயத்தையும் இலக்கணத்தையும் உரைநடையிலே சொன்னார். எலும்பையும் நரம்பையும் சொல்ல அமெரிக்கர் ஒருவர் வேண்டியிருந்தார் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

கிறீன் அந்த முடிவுக்கு உடனே வந்துவிடவில்லை. முதலிலே அவர் ஆங்கிலத்திலேயே மருத்துவம் படிப்பித்தார். செமினரி ஆங்கிலம் கற்ற பிள்ளைகளே அவரிடம் வந்தனர். ஆனால் ஆங்கிலம் யாழ்ப்பாணத்திலே என்ன செய்ததென்பதைத் தம் நாளாந்த வேலையில் அவர் கண்டார். பிள்ளைகள் ஞானஸ்நானத்துக்காகவும் வரவில்லை, ஞானத்துக்காகவும் வரவில்லை, உத்தியோகத்துக்காக வந்தனர். பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழு இதைக் காரணங் காட்டியே 1855இல் செமினரியை மூடச்செய்தது. மருத்துவ மாணவனும் ஆங்கிலம் கைக்கு வந்ததும் அரசாங்கச் சம்பளத்தை நோக்கி ஊரைவிட்டுப் போனான். கிராமத்துக்கு வைத்தியர் இல்லை என்பதற்காகத் தொடங்கிய வகுப்பு, கிராமத்திலிருந்து ஆளைக் கொண்டுபோகும் வண்டியாயிற்று.

1850களின் இறுதியில் அமெரிக்கா சென்ற கிறீன், 1862இல் மார்கிரெற் வில்லியம்ஸ் என்னும் பெண்ணை மணந்து அவ்வாண்டே மீண்டு வந்தார். 1864இலிருந்து வகுப்பு தமிழில் நடந்தது. இளமையின் வேகத்திலே செய்த காரியமன்று இது. நாற்பதைத் தாண்டியவர், விறாந்தையில் ஆயிரமாயிரம் பேரின் நோவைக் கேட்டவர், ஆறுதலாக யோசித்துச் செய்தது. மாணவர் வேட்டியையும் உணவையும் கைவிடவேண்டியதில்லை. காற்சட்டையும் சப்பாத்தும் மேசையும் கதிரையும் கிறிஸ்தவத்தின் பகுதிகள் அல்ல என்பதும் அவருடைய நிலைப்பாடு. இதைச் சொன்னவர் காற்சட்டைக்காரர் என்பதிலேதான் சுவை இருக்கிறது. நம்மிற் பலர் அதற்கு முன்னரே காற்சட்டைக்கு ஆசைப்பட்டுவிட்டனர்.

தமிழிலே படிப்பிப்பதற்கு நூல் வேண்டும். அவர் வாழ்வின் மிகப் பெரிய பகுதி இரவு விளக்கின் கீழ் இந்த வேலையிற் கழிந்தது. இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. உடல்நலங் குன்றி 1873இல் நாடு திரும்பிய பின்னரும் வேலை நிற்கவில்லை. கெமிஸ்தம் 1875இல் வந்தது. எல்லாமாக 4000 பக்கங்களுக்கு மேல். இவற்றைக் கிறீன் தனியே செய்தாரென்று சொல்வது வரலாற்றுப் பிழை. தன்வதர், சாப்மன் என அமெரிக்கப் பெயர் பூண்ட தமிழ் வைத்தியர்கள் மொழிபெயர்த்தனர். கிறீன் வரிக்கு வரி பார்த்துத் திருத்தினார். இரண வைத்தியம் வெளிவந்த அதே ஆண்டிலேதான் லிஸ்ரர், புண்ணைக் கிருமியினின்று காக்கும் தம் முறையைப் பிரித்தானியாவில் வெளியிட்டார் என்பதை நினைத்தால், தமிழ் அப்போது உலக மருத்துவத்துக்கு எவ்வளவு அருகில் நின்றதென்பது விளங்கும்.

இந்த நூல்களின் தலைப்புகளே ஒரு பாடம். சத்திரசிகிச்சைக்கு இரண வைத்தியம் என்றனர்; பரியாரிமார் முன்னரே அறிந்த சொல். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் என்றனர், வடமொழியிலிருந்து ஆக்கியது. இரசாயனத்துக்குக் கெமிஸ்தம், அயல்மொழிச் சொல்லைத் தமிழ் வாயிற் போட்டு உருட்டி எடுத்தது. ஊரில் இருந்ததை முதலில் எடுத்து, இல்லாததை ஆக்கி, ஆக்க முடியாததைக் கடன் வாங்கினார்கள். பின்னாளில், 1950களிலும் 60களிலும், அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டபோது சொற்கள் தூய்மையடைந்தன. அந்தச் சொற்களை வைத்தே நாம் படிப்பித்தோம். அவற்றின் அருமையை அறிவோம். ஆயினும் வாத்தியார் என்ற முறையில் ஒரு குறை சொல்லலாம். அவை விறாந்தைக்குப் போகவில்லை. பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிட்டன.

கிறீன் பயிற்றிய வைத்தியர் 60 பேருக்கு மேல். அவர்களுள் 33 பேர் தமிழிலே கற்றவர்கள். 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலே திறபட்டது. அங்கே கற்றவருக்கு அரசாங்கம் வேலை கொடுத்தது. மானிப்பாயில் தமிழிற் கற்றவருக்கு அப்படி ஓர் உறுதி இல்லை. கிறீன் போனபின் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. தமிழிலே மருத்துவஞ் சொல்ல முடியாது என்று எவரும் நிரூபித்து அதை மூடவில்லை. முடியுமென்று நிரூபித்தபின் மூடினார்கள். வயிற்றுப்பாடு எந்த மொழியிலே கிடைக்கிறதோ அந்த மொழிக்கே பிள்ளையை அனுப்புவர் பெற்றோர்; அதற்காக அவர்களை ஏசி என்ன பயன்?

மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய ஆசுப்பத்திரி இருக்கிறது. வூஸ்ரரிலே அவருடைய கல்லறையும் இருக்கிறது. தமிழர்க்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்னும் கருத்துப்பட அக்கல்லிலே பொறித்திருக்கிறார்கள். அது அவர் விரும்பிக் கேட்டுக்கொண்ட வாசகம்.

நம்மிடம் படித்த அந்த வைத்தியப் பையன் இப்போது ஞாயிறு மாலைகளில் வீட்டுக்கு வருகிறான். ஒரு கொப்பியும் கொண்டுவருகிறான். நோயாளியர் சொல்லும் நோவின் சொற்களை அவன் எழுதி வருவான். அவற்றுக்கு நாம் பொருள் எழுத முயல்கிறோம். நம் இருவரிலும் பார்க்க அம்மாவே பெரிய அகராதி. சென்ற ஞாயிறு 'உளைவு' என்ற சொல்லுக்கு வந்தோம். அது தசையில் வருவது என்று அவன் எழுதினான். அம்மா விடவில்லை. 'தசையிலை வாறது கடுப்பு. உளைவு எலும்புக்குள்ளை. எழுதினதை வெட்டு' என்றார். அவன் வெட்டினான். எலும்புக்கு உள்ளேயா, மூட்டிலா என்று அவன் திருப்பிக் கேட்க, அம்மா தம் முழங்காலை நீட்டிக் காட்டத் தொடங்கினார். இருட்டும்வரை அந்த ஒரு சொல்லிலேயே நின்றோம்.